தன்மையில் பால் இல்லை

பள்ளியில் தமிழ் படித்த எவரிடமும் ‘திணை எத்தனை?’ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு என்று உடனே பதில் வரும். பால்? ஐந்து. இடம்? மூன்று. இவற்றைப் பெருக்கல் வாய்பாட்டைப் போல மனப்பாடம் செய்திருக்கிறோம். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை யாரும் திரும்பக் கேள்வி கேட்பதில்லை. உயர்திணை, அஃறிணை, ஆண்பால், பெண்பால் என்பவற்றையும் அப்படித்தான் விட்டுவிட்டோம்.

ஆனால் வாய்பாடு வேறு, இலக்கணக் கலைச்சொல் வேறு. கலைச்சொல்லை யாரோ ஒருவர் ஒரு காலத்தில், ஒரு தேவைக்காக உருவாக்குகிறார். பின்னால் வருபவர்கள் அதற்கு உரை எழுதுகிறார்கள், இடத்தை மாற்றி வைக்கிறார்கள், வேறு மொழியில் பெயர்க்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் யார் மனிதர், யார் ஆண், யார் பெண், எது பிழை என்ற முடிவுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. இருபது ஆண்டுகளாகத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தையும் நன்னூலையும் நடத்திக்கொண்டிருப்பவள் நான். திணை, பால், வழு, தன்மை என்னும் நான்கு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் பெண்ணும் பெண்ணைப் போலவே ஓரத்தில் நிறுத்தப்பட்ட பிறரும் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க விரும்புகிறேன்.

திணை

சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். அது தொடங்குவதே திணைப் பாகுபாட்டில்தான். மக்கள் என்று கருதப்படுவது உயர்திணை, அப்படி அல்லாத பிற அனைத்தும் அஃறிணை. இங்கே கவனிக்க வேண்டியது, ‘மக்கள்’ என்று தொல்காப்பியர் நேராகச் சொல்லிவிடவில்லை என்பது. மக்கள் என்ற சுட்டு, அதாவது மக்கள் என்ற கருத்து எங்கே செல்கிறதோ அங்கே உயர்திணை. திணை பொருளில் மட்டும் இல்லை, பேசுகிறவரின் எண்ணத்திலும் இருக்கிறது. இந்த நுட்பத்தைப் பள்ளிப் புத்தகங்கள் விட்டுவிட்டன.

அஃறிணை என்ற பெயரையும் பாருங்கள். அல் + திணை. உயர்ந்தது அல்லாத திணை. மரம், மாடு, மலை, கடல் எல்லாவற்றையும் சேர்த்து வைத்த அந்தப் பெரிய உலகத்துக்குச் சொந்தமாக ஒரு பெயர் கிடையாது. எது இல்லையோ அதை வைத்துப் பெயர். ஒன்றை அளவுகோலாக நிறுத்திவிட்டு மற்றதை ‘அது அல்லாதது’ என்று அழைக்கும் இந்த வழக்கத்தைப் பெண்களாகிய நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1856இல் வெளிவந்த தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் ராபர்ட் கால்டுவெல் உயர்திணையை ‘உயர்சாதி’ என்றும் அஃறிணையைச் ‘சாதியற்றது’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் விளக்கினார். பகுத்தறிவு உள்ளவை, இல்லாதவை என்பது ஐரோப்பியர் வேறாகக் கொடுத்த விளக்கம். திணை என்ற சொல்லுக்கு ஒழுக்கம், குடி, நிலம், பிரிவு என்று பல பொருள்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருநெல்வேலியில் வாழ்ந்த ஒருவருக்கு அவற்றில் சாதிதான் முதலில் கண்ணில் பட்டது. அவர் மொழிபெயர்ப்பு சரியா தவறா என்று வாதிடுவதை விட, ஒரு கலைச்சொல் தன்னைச் சுற்றியுள்ள சமூகத்தை எவ்வளவு எளிதாக உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம்.

கிளவியாக்கத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பட்டியல் வருகிறது. பொருளால் உயர்திணையாக இருந்தும் அஃறிணை முடிவு பெறும் சொற்கள் அவை. குடிமை, ஆண்மை, இளமை, மூப்பு, அடிமை, வன்மை, விருந்து, குழு, பெண்மை, அரசு, மக, குழவி என்று போகிறது. ‘அடிமை வந்தது’, ‘அரசு வந்தது’, ‘குழவி அழுதது’. அடிமையும் அரசும் ஒரே விதியில் நிற்கிற இடம் தமிழில் இது ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் இருவரும் ஒரே காரணத்துக்காக ‘அது’ ஆகவில்லை. அரசு அமைப்பாகிவிட்டதால் ‘அது’. அடிமை உடைமையாகிவிட்டதால் ‘அது’. இலக்கணம் முடிவை மட்டும் பதிவு செய்தது. காரணத்தைத் தேடுவது நம் வேலை. அதே பட்டியலில் காதலால் சொல்லும் சொல்லும், சினத்தால் சொல்லும் சொல்லும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மிகவும் நேசித்தாலும் ‘அது’, மிகவும் வெறுத்தாலும் ‘அது’. இந்த இரண்டுக்கும் இடையில்தான் வீட்டுக்குள் பெண்ணின் இடம் பெரும்பாலும் இருந்திருக்கிறது.

பால்

பால் என்றால் பகுப்பு. உயர்திணையில் ஆண், பெண், பலர் என மூன்று. அஃறிணையில் ஒன்று, பல என இரண்டு. தொல்காப்பியர் ஆடூஉ, மகடூஉ என்ற சொற்களைப் பயன்படுத்துகிறார். ன் என்ற ஒற்றில் முடிந்தால் ஆண், ள் என்ற ஒற்றில் முடிந்தால் பெண். வந்தான், வந்தாள். பார்ப்பதற்குச் சரிசமமான ஏற்பாடு. இதைச் சொல்லித் தமிழாசிரியர்கள் பெருமைப்படுவதும் உண்டு. வடமொழியில் மனைவியைக் குறிக்கும் ‘பார்யா’ பெண்பால், ‘தார’ ஆண்பால், ‘களத்ர’ நபும்சகம். பொருள் ஒன்றே, சொல்லுக்குச் சொல் பால் மாறும். தமிழில் அப்படி இல்லை, தமிழின் பால் பாகுபாடு பொருளை ஒட்டியது, ஆகவே இயற்கையானது என்பார்கள்.

பொருளை ஒட்டியது என்பது சரி. இயற்கையானது என்பதில்தான் எனக்குத் தயக்கம். பக்கத்து வீட்டுத் தெலுங்கைப் பாருங்கள். அதுவும் நம் மொழிக் குடும்பம்தான். அதில் ஆணுக்கு ஒரு வினைமுற்று, ‘வச்சாடு’. பெண்ணுக்கு ‘வச்சிந்தி’. பசுவுக்கும் ‘வச்சிந்தி’. ஒருமையில் பெண்ணும் பசுவும் மழையும் ஒரே முடிவைப் பெறுகின்றன. பன்மைக்கு வந்துவிட்டால் பெண்கள் ஆண்களோடு சேர்ந்துகொள்வார்கள். தெலுங்கு இலக்கண மரபு ஆணை ‘மகத்து’ என்கிறது, பெரியது என்ற பொருளில். மற்றவை ‘அமகத்து’. பெண்ணுக்கு ‘மகதி’ என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் ஒருமை வினையில் அவள் அமகத்தோடுதான் நிற்க வேண்டும். கன்னடம் நம்மைப் போல அவளுக்குத் தனி முடிவு தருகிறது. மலையாளமோ ‘வந்நு’ என்ற ஒரே வினையை அவனுக்கும் அவளுக்கும் அதற்கும் கொடுத்துவிட்டு, வினையில் பால் காட்டும் வேலையையே கைவிட்டது.

ஒரே குடும்பத்தில் பிறந்த நான்கு மொழிகள். ‘இயற்கை’ ஒன்றாக இருந்திருந்தால் ஏற்பாடு ஏன் நான்கிலும் ஒன்றாக இல்லை? பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி போன்ற மொழியியலாளர்கள், மூலத் திராவிடத்தில் பெண்ணுக்கென்று தனி ஒருமைச் சொல் இருக்கவில்லை, ‘அவள்’ என்பது தென்திராவிடக் கிளையில் பின்னால் உண்டானது என்று கருதுகிறார்கள். இதைப் படித்த அன்று வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ‘அவள்’ என்ற சொல்லுக்கு ஒரு பிறப்பு உண்டு. அதற்கு முன்னால் ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் அவனைத் தவிர மற்ற எல்லாம் ‘அது’.

அந்தக் காலம் முழுவதும் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. நம் வீடுகளில் பேசுகிற தமிழைக் கேளுங்கள். ‘பையன் வந்தான்’ என்போம். ‘பொண்ணு வந்துச்சு’ என்போம். பையனை ‘வந்துச்சு’ என்று சொன்னால் காதில் இடறும், பொண்ணை அப்படிச் சொன்னால் இடறாது. அதில் அன்பு இருக்கிறது என்பார்கள். இருக்கலாம். மரியாதைக்கும் இதே கணக்கு உண்டு. பேச்சில் ‘அவரு’ என்றால் ஆண். மதிப்புக்குரிய பெண்ணை ‘அவங்க’ என்று பன்மையாக்கித்தான் சொல்கிறோம். ஒருமையில் நின்றுகொண்டு மரியாதை பெறும் வாய்ப்பு பேச்சுத் தமிழில் ஆணுக்குத்தான். பலர்பாலில் பால் வேறுபாடு கிடையாது என்பதால் பெண்ணுக்கான மதிப்பு அங்கே போய் ஒதுங்கிக்கொள்கிறது.

திரிந்தவர்கள்

இரண்டு பாலுக்குள் அடங்காதவர்களைப் பழைய இலக்கணம் மறந்துவிடவில்லை. கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே அவர்கள் வந்துவிடுகிறார்கள். பெண்மையைச் சுட்டும், ஆண்மை திரிந்த பெயர்கள் என்கிறார் தொல்காப்பியர். பேடி என்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அவர்களுக்கும் தெய்வங்களுக்கும் தனியாக ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளையே பெறுவார்கள் என்பது விதி. தெய்வத்தையும் பேடியையும் ஒரே நூற்பாவில் வைத்தது மதிப்பா, தனக்குத் தெரிந்த கட்டங்களில் அடங்காததை எல்லாம் ஒன்றாகச் சேர்த்ததா என்று மாணவிகள் வாதிடுவார்கள். இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றும். சற்றுத் தள்ளி இன்னொரு விதி, ஆண்மை திரிந்த பெயர் ஆண்பால் முடிவு பெறாது என்கிறது. ‘பேடி வந்தாள்’ என்னலாம், ‘பேடி வந்தான்’ என்னக் கூடாது. இங்கே அளவுகோல் ஆண்மை. அது திரிந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. பெண்மை திரிந்து ஆணாக விரும்புகிறவரை இந்த விதி யோசிக்கவே இல்லை.

ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி யோசித்திருக்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பும் பேடு ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவது பெண்பால். இது நூற்பாவின் முதல் பாதி சொல்லும் செய்தி. இதில் வரும் முக்கியமான சொல் ‘அவாவுதல்’, விரும்புதல். பிறந்தபோது என்ன உடல் என்று நன்னூல் கேட்கவில்லை. எதை விரும்புகிறார் என்பதைக் கேட்டு, அதன்படி வினைமுற்று கொடுக்கச் சொல்கிறது. அடுத்த மூச்சிலேயே இருவரும் அஃறிணையைப் போலவும் வருவார்கள் என்று முடிக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டது என்பார்களே, அதுதான்.

இந்த நூற்பாவை நடத்திய ஒரு நாளில் மூன்றாம் பெஞ்சில் இருந்த மாணவி கேட்டாள்: “அப்ப யாருக்கு எந்த விகுதின்னு யாரும்மா முடிவு பண்றது? அவங்களா, பேசுறவங்களா?” வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கிளவியாக்கத்தின் முதல் நூற்பாவும் நன்னூலின் இந்த நூற்பாவும் எதிரெதிராக நிற்கும் இடம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. திணை பேசுகிறவரின் கருத்தைப் பொறுத்தது என்றால் முடிவு பேசுகிறவர் கையில். பால் அவாவுதலைப் பொறுத்தது என்றால் முடிவு பேசப்படுகிறவர் கையில். எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளாக இந்த வழக்குக்குத் தீர்ப்பு எழுதப்படவில்லை.

2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் ஒருவர் தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதை வகுப்பில் சொன்னபோது, “பவணந்தி பாதி சொன்னதை இவங்க முழுசா சொல்லிட்டாங்க” என்றாள் இன்னொருத்தி. சட்டமும் இலக்கணமும் வேறு வேறு என்று திருத்த வேண்டியது என் கடமை. திருத்தினேன். ஆனாலும் அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது.

வழு

திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு. இந்த ஏழிலும் பிழை நேரலாம். பிழைக்குப் பெயர் வழு. பிழையாக இருந்தும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தமிழ் இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல் இதுதான். விதி உண்டு, மீறலும் உண்டு, மீறலை மன்னிக்காமல் ‘அமைத்துக்கொள்ளும்’ ஓர் ஏற்பாடும் உண்டு என்று ஒரே சொல் சொல்லிவிடுகிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வந்தாலும் அது இயல்பே என்கிறது நன்னூல்.

இதற்குப் பள்ளிப் பாடநூல் தரும் எடுத்துக்காட்டு எல்லோருக்கும் தெரியும். தாய் தன் மகளை ‘வாடா ராஜா’ என்று கொஞ்சுவது பால் வழுவமைதி. உவப்பினால் பெண்பால் ஆண்பாலாயிற்று என்று எழுதினால் முழு மதிப்பெண். நான் மாணவிகளிடம் ஒன்று கேட்பேன். மகனை ‘வாடி ராணி’ என்று எந்த வீட்டிலாவது கொஞ்சுகிறார்களா? எங்கோ ஒன்றிரண்டு வீடுகள் இருக்கலாம். தெருவில் ஓர் ஆணை ‘டி’ போட்டுப் பேசினால் பெரும்பாலும் கைகலப்பில்தான் முடியும். மகளை ஆணாக்குவது உவப்பு. ஆணைப் பெண்ணாக்குவது இழிப்பு. நன்னூல் இரண்டு காரணங்களையும் ஒரே வரிசையில் வைத்தது. எந்தத் திசையில் போனால் உவப்பு, எந்தத் திசையில் போனால் இழிப்பு என்பதை நம் சமூகம் நிரப்பிக்கொண்டது.

இதைவிடப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று தொல்காப்பியப் பெயரியலில் இருக்கிறது. ‘பெண்மகன்’ என்ற சொல். வெளியே போய் விளையாடும் சிறு வயதுப் பெண்ணை மாறோக்கத்தார் தம் காலத்திலும் பெண்மகன் என்று அழைப்பதாகச் சேனாவரையர் உரையில் எழுதுகிறார். மாறோக்கம் கொற்கையைச் சூழ்ந்த பகுதி. மாறோக்கத்து நப்பசலையார் என்ற சங்கப் புலவரின் ஊரும் அதுவே. வீட்டுக்குள் இருந்தால் மகள், தெருவில் ஓடி விளையாடினால் பெண்மகன். தெரு ஆணுடையது, அங்கே நிற்கிற வரைக்கும் அவள் கொஞ்சம் மகன். ஆனால் வினை சொல்லும்போது ‘பெண்மகன் வந்தாள்’ என்றுதான் முடிக்க வேண்டும், பெண்பால் முடிவே உரியது என்கிறது விதி. ஓடி விளையாடும் வயது முடிந்தால் பெயரும் முடிந்துவிடும். கடற்கரை ஊர் ஒன்றில் மண் அப்பிய காலோடு ஓடும் அந்தச் சிறுமிக்குப் பெயர் வைத்திருந்த ஊரை நான் நேசிக்கிறேன். அந்த விளையாட்டுக்கு மகன் என்ற சொல்லைக் கடன் வாங்க வேண்டியிருந்ததே என்ற வருத்தமும் கூடவே இருக்கிறது.

முன்னிலையில் நிறுத்தப்பட்டவள்

சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடனார். நன்னூலுக்கு உரை எழுதிய மயிலைநாதர், சங்கர நமச்சிவாயர். அவ்வுரையைத் திருத்திய சிவஞான முனிவர். இலக்கணத்தை எளிய உரைநடைக்குக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த ஆறுமுக நாவலர். இந்த வரிசையில் ஒரு பெண் பெயர் கிடையாது. இலக்கண உலகில் பெண் எங்கே இருக்கிறாள் என்று கேட்டால், ‘மகடூஉ முன்னிலை’ என்ற கலைச்சொல்லுக்குள் இருக்கிறாள். நூற்பாவைச் சொல்லும்போது ஒரு பெண்ணை எதிரில் நிறுத்தி, அவளை விளித்துச் சொல்லும் முறை இது. அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகை இந்த முறையில் அமைந்த நூல். காரிகை என்பது அந்நூலின் யாப்புக்கும் பெயர், அழகிய பெண்ணுக்கும் பெயர். அசை, சீர், தளை என்று விளக்கிக்கொண்டே போகிற ஆசிரியர் இடையிடையே அவளுடைய கண்ணையும் கூந்தலையும் நெற்றியையும் வருணித்து அழைப்பார். யாப்பை முழுவதும் கேட்டு முடித்த அந்தப் பெண் ஒரு சந்தேகம் கேட்டதாகக்கூட நூலில் இல்லை. இதற்கு இணையாக ‘ஆடூஉ முன்னிலை’ என்ற சொல்லும் உண்டு. அங்கே விளிக்கப்படும் ஆணுக்குக் கண்ணழகு தேவைப்படுவதில்லை.

ஒரே ஒரு விளக்கு தூரத்தில் தெரிகிறது. காக்கைபாடினியார் என்ற பெயரில் ஒரு யாப்பிலக்கண ஆசிரியர் இருந்தார். காக்கைபாடினியம் முழுதாகக் கிடைக்கவில்லை. யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகள் மேற்கோளாக எடுத்தாண்டதால் சில நூற்பாக்கள் தப்பின. சங்கப் புலவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பெண். பெயர் ஒற்றுமையை வைத்து இலக்கண ஆசிரியரையும் பெண் என்று கொள்வோர் உண்டு, மறுப்போரும் உண்டு. உறுதியாக நாம் சொல்லக்கூடியது, ஒரு பெண்ணின் பெயராக வழங்கிய பெயரில் தமிழ் யாப்புக்கு ஒரு நூல் இருந்தது, பின்னாளில் வந்த இலக்கணக்காரர்கள் அதை மதித்து எடுத்துக்காட்டினார்கள் என்பது.

முனைவர் பட்டத்துக்கு உரையாசிரியர்களை எடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது மூத்த பேராசிரியர் ஒருவர், “உங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கரடுமுரடெல்லாம், சங்க இலக்கியத்துல பெண்பாற் புலவர்கள்னு அழகா ஒரு தலைப்பு எடுங்க” என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டேன். பெண்பாற் புலவர். இலக்கணத்திலிருந்து ஒரு கலைச்சொல்லை எடுத்து ஔவையார் மீதும் வெள்ளிவீதியார் மீதும் ஒட்டியிருக்கிறோம். கபிலரை ‘ஆண்பாற் புலவர்’ என்று யாரும் அறிமுகப்படுத்துவதில்லை. அவர் வெறும் புலவர். இன்றும் நான் கூட்டங்களில் ‘பெண் கவிஞர்’தான். கிளவியாக்கத்தின் அளவுகோல் இலக்கிய வரலாற்றில் இப்படித் தொடர்கிறது. அடைமொழி இல்லாதது ஆண், அடைமொழி பெறுவது மற்றவர்.

வகுப்பறையில் வேறு ஒரு சிக்கல். எழுத்ததிகாரத்தில் இரண்டு சொற்கள் சேர்வதற்குப் பெயர் புணர்ச்சி. இளவயதில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் பின்வரிசைச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பேன். ஆண் ஆசிரியர் சொன்னால் இலக்கணமாக இருக்கும் சொல், பெண் ஆசிரியர் வாயில் வேறாகக் கேட்டது. இப்போது காத்திருப்பதில்லை. உயிர் வந்து மெய்யோடு சேர்ந்தால்தான் உயிர்மெய், மொழி முழுவதும் உடலின் சொற்களால்தான் பேசப்படுகிறது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிலைமொழி, வருமொழிக்குப் போய்விடுவேன். சிரிப்பு தானாக ஓய்ந்துவிடும்.

தன்மை

இவ்வளவு நேரம் பேசியது எல்லாம் படர்க்கையைப் பற்றி. அவன், அவள், அவர், அது. தமிழில் பால் பாகுபாடு நின்று ஆட்சி செய்யும் இடம் படர்க்கை மட்டுமே. தன்மையில் பால் இல்லை. நான் வந்தேன் என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று சொல்லில் தெரியாது. முன்னிலையில் நீ வந்தாய், நீங்கள் வந்தீர்கள் என்பதிலும் தெரியாது. இந்தியில் ஒரு பெண் ‘நான் வந்தேன்’ என்று சொல்லும்போதே ‘ஆயீ’ என்று தன்னைப் பெண்ணாக அறிவித்தாக வேண்டும், ஆண் ‘ஆயா’ என்பான். தமிழ் அந்தக் கட்டாயத்தை வைக்கவில்லை. நம்மைப் பற்றி மற்றவர் பேசும்போது பால் வருகிறது. நாம் நம்மைப் பேசும்போது வருவதில்லை.

தன்மை யாருக்கு உரியது என்பதிலும் ஒரு வரலாறு உண்டு. யான், யாம், நாம் ஆகியவற்றைத் தொல்காப்பியர் உயர்திணைப் பெயர்களோடு சேர்த்தார். பேசக்கூடியவர் மக்கள், ஆகவே தன்மை உயர்திணைக்கு உரியது. நன்னூலார் அதை இரு திணைக்கும் பொது என்று மாற்றி வைத்தார். கதைகளிலும் பாட்டுகளிலும் கிளியும் கடலும் ‘நான்’ என்று பேசும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு அந்த இடமாற்றம் மிகப் பெரியதாகப் படுகிறது. ‘அது’ என்று சொல்லப்பட்டவர்கூட வாய் திறந்து ‘நான்’ என்று சொல்லலாம், சொன்னால் அது வழு இல்லை.

2007இல் லிவிங் ஸ்மைல் வித்யா தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி ‘நான், வித்யா’ என்று தலைப்பு வைத்தார். அதற்கு முன்பே ஏ. ரேவதி, திருநங்கைகள் பலரைத் தாமே பேசவைத்து ‘உணர்வும் உருவமும்’ நூலைத் தொகுத்திருந்தார். அதுவரை தமிழில் அவர்கள் படர்க்கையில்தான் இருந்தார்கள். பேடி, அலி என்ற சொற்களும், கேலியாக ஒட்டப்பட்ட வேறு பல சொற்களும் எல்லாம் மற்றவர் சொன்னவை. திருநங்கை என்ற சொல் பரவியதும், 2008இல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கென நலவாரியம் அமைத்ததும் இதே ஆண்டுகளில்தான். 2022இல் பால்புதுமையர் உள்ளிட்ட சொற்கள் அடங்கிய ஒரு சொல்லடைவை அரசிதழ் வெளியிட்டது. ஊடகமும் அலுவலகமும் இனி எந்தச் சொல்லால் அவர்களை அழைக்க வேண்டும் என்பதற்கான பட்டியல் அது. ‘பால்’ என்ற பழைய இலக்கணச் சொல்லே அங்கேயும் வேர்ச்சொல். பெண்ணியம் பேசிய நாமும் அதிலிருந்துதான் எடுத்தோம். தமிழ்நாட்டில் ‘பாலினம்’ என்றோம், ஈழத்துத் தோழிகள் ‘பால்நிலை’ என்றார்கள். இனம் என்றால் பிறப்போடு ஒட்டியதாகத் தோன்றும், நிலை என்றால் மாறக்கூடியது. எனக்குப் பால்நிலைதான் கூடுதல் பொருத்தமாகப் படுகிறது. எது நிற்கும் என்பதைப் பயன்பாடு சொல்லட்டும்.

இலக்கணம் படிக்கும் மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இந்தக் கலைச்சொற்களை வெறுத்து ஒதுக்காதீர்கள். ஒதுக்கினால் அவற்றை வைத்திருப்பவர்கள் சொல்வதே விதியாக நிற்கும். மூல நூற்பாவைப் படியுங்கள், உரைகளை ஒப்பிடுங்கள். ஓர் உரையாசிரியர் எந்த எடுத்துக்காட்டைத் தேர்ந்தார், எதை விட்டார் என்று குறித்து வையுங்கள். தேர்வுக்கு ‘உவப்பினால் பெண்பால் ஆண்பாலாயிற்று’ என்றே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகு, அந்த உவப்பு ஏன் ஒரு திசையில் மட்டும் போகிறது என்று உங்களுக்குள் கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல் எழுதுங்கள், உங்கள் பெயரில், தன்மையில். சொல்லதிகாரத்துக்கு ஒரு பெண் எழுதிய முழு உரையை நடத்தி முடித்துவிட்டுத்தான் பணி ஓய்வு பெற வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. அது நான் எழுதியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.